சக்கரத்துக்குத் தீர்த்தம்

"நீங்கல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

கம்ரோன் கத்தியதில் பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரிகூட எட்டிப் பார்த்தாள்.

"வண்டிய மூணு தடவை உங்ககிட்ட விட்டேன். மூணு தடவையும் ஒண்ணுமில்லன்னு திருப்பிக் குடுத்தீங்க. நேத்து பிங் ஆத்துப் பாலத்துல லைட்டெல்லாம் பொசுக்குன்னு அணைஞ்சு நின்னு போச்சு. பின்னாடி லாரி. உள்ள யாரு தெரியுமா? இவ!"

இவள் என்றது அவன் மனைவி ரத்ரீயை. இன்றோ நாளையோ என்று இருக்கிற வயிறு. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர்.

"என்கிட்ட வந்தா நல்லா ஓடுதே தம்பி," என்றார் வினாய். "காய்ச்சல் இல்லாதப்ப டாக்டர் என்ன பண்ணுவார்? என்னிக்கெல்லாம் நின்னுச்சு, அதச் சொல்லுங்க."

ரத்ரீ பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். பேனாவால் நாலு வட்டம். நாலுமே, காலண்டரில் வாராவாரம் புத்தர் படம் அச்சிட்டிருக்கும் கோயில் நாளுக்கு மறுநாள்.

ரத்ரீயின் அம்மா பூன்சோம் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா! நல்ல நாள் முடிஞ்சதும் அது வேலையக் காட்டுது. வண்டியில ஏதோ ஏறி உக்காந்திருக்கு. கோயில் நாள் தவறாம, பிக்கு மந்திரிச்ச தண்ணிய நான் உள்ள தெளிக்கறதாலதான் எல்லாரும் உசுரோட இருக்கீங்க."

வினாய் கோயில் பக்கமே போகாதவர். சிரிப்பார் என்று நினைத்தான் கம்ரோன். சிரிக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு ஒரு மணி நேரம் எதையோ கழற்றினார், மாட்டினார்.

வெளியே வந்ததும் பூன்சோமைக் கும்பிட்டார்.

"அம்மா சொன்னதுதான் சரி. ஏதோ இருந்துச்சு. போயிடுச்சு. இனிமே தீர்த்தத்த உள்ள தெளிக்காதீங்க, சக்கரத்துக்கு மட்டும் ஊத்துங்க. ஓடறது அதுதானே?"

பூன்சோமுக்கு வாயெல்லாம் பல்.

"வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. பேயக் காட்டித் தப்பிக்காதீங்க!" கம்ரோன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தான். மாமியாரும் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டாள்.

ரத்ரீ மட்டும் தயங்கி நின்றாள். "அண்ணே, நெஜமாவே பேயா?"

வினாய் உள்ளங்கையை விரித்தார். பச்சைக் களிம்பு ஏறிய ஃபியூஸ். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு மல்லிகை இதழ்.

"முன்கண்ணாடி ஓரத்துச் சந்து வழியா தீர்த்தம் நேரா ஃபியூஸ் பெட்டில இறங்கியிருக்கு. இங்க கொண்டு வர்றதுக்குள்ள காஞ்சுடுது. மாத்தி, மேல ரப்பர் மூடி போட்டுட்டேன். இனி நிக்காது."

"இத அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. தெருவே கேக்கத் திட்டறாரே?"

"சொன்னா என்னை விட்டுட்டு அவங்களத் திட்டுவார். பாலத்துல உன்ன நிறுத்தினது தன் கைதான்னு தெரிஞ்சா உங்கம்மா தாங்குவாங்களா? பிள்ள பொறந்ததும் நம்ம ஊரு வழக்கப்படி உடம்பு தேற உன்ன நெருப்புப் பக்கத்துல படுக்கவெச்சுப் பாத்துக்கப் போறது யாரு? போம்மா, ஹார்ன் அடிக்கிறார்."

ஆறாம் நாள் வலி எடுத்தது. நாற்பது கிலோமீட்டரும் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. பெண் குழந்தை.

வார்டுக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பூன்சோம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த வினாய்க்கு வேலை சுத்தமாத் தெரியாது. வண்டி ரிப்பேர்னா வேற எங்கயாவது விடுங்க. ஆனா பேய், பிசாசுன்னா அவர்கிட்டதான் போகணும்!"