சந்தேகமே வராத வகுப்பு

பிளஸ் ஒன் வகுப்பில் சாக்பீஸ் தேயும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் கை கட்டி, கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்த கல்வி அதிகாரி ஹெப்சிபா அசந்துபோனார். மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராயபுரத்தில் எல்லோரும் சொன்ன பெயர், கணக்கு வாத்தியார் இக்னேஷியஸ்.

முந்தின நாள் மழையில் மாடி ஒழுகியதால், பள்ளியில் காலையில்தான் வகுப்புகளை இடம் மாற்றியிருந்தார்கள். இக்னேஷியஸின் குரல் கேட்ட அறைக்குள் ஹெப்சிபா வந்து உட்கார்ந்துவிட்டார்.

“சந்தேகம் கேக்குறவன் பாடத்த கவனிக்கலன்னு அர்த்தம் மேடம்” என்றார் இக்னேஷியஸ், பலகையைப் பார்த்தபடியே. “என் சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தரும் சந்தேகம் கேட்டதில்ல.”

“பிள்ளைங்க பக்கம் திரும்பவே மாட்டீங்களா சார்?”

“மூஞ்சியப் பாத்தா இரக்கம் வந்துடும் மேடம். இரக்கம் வந்தா கணக்கு வராது. பயம் இருந்தாத்தான் மண்டையில ஏறும்.”

முக்கோணவியலில் ஒரு நீளமான கணக்கைப் போட்டு முடித்து, அடியில் கோடு கிழித்தார். “புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

ஹெப்சிபாவுக்கு அந்தக் குரல் என்னவோ போலிருந்தது. எழுந்து, முன் பெஞ்சிலிருந்த மாயா என்ற மாணவியிடம் போனார்.

“உனக்குப் புரிஞ்சுதாம்மா?”

“புரிஞ்சுது மிஸ்.”

“என்ன புரிஞ்சுது?”

மாயா ஓரக்கண்ணால் பலகைப் பக்கம் பார்த்தாள். “சாரு கேட்டா புரிஞ்சுதுன்னு சொல்லிரணும் மிஸ். இல்லாங்காட்டி பேஜாரு. இஸ்கூலுக்கே தெரியும்.”

இக்னேஷியஸ் பலகையைத் துடைத்துக்கொண்டே பெருமையாகச் சிரித்தார். “பாத்தீங்களா மேடம், எவ்ளோ ஒழுக்கம். இதத்தான் மத்த வாத்தியாருங்களுக்குச் சொல்லித் தரப் போறேன்.”

ஹெப்சிபா மாயாவின் தோளில் கை வைத்தார். “நான் இருக்கேன், பயப்படாத. மனசுல ஏதாவது சந்தேகம் இருந்தா கேளு.”

“ஒண்ணே ஒண்ணு கீது மிஸ். பாடம் ஆரம்பிச்சதுலேர்ந்து கேக்கணும்னு நெனச்சிகினே இருந்தேன்.”

டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, அன்று முதல் முறையாக இக்னேஷியஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “கேளு” என்றார் பல்லைக் கடித்தபடி.

மாயா எழுந்து நின்றாள்.

“நாங்கோ ஹிஸ்டரி குரூப்பு சார், எங்களுக்கு எதுக்கு இந்தக் கணக்கு?”