கரண்ட் எங்கே நிற்கிறது?

“சாவியைத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம்கூட வரலைம்மா. வண்டி போச்சு. உள்ள வந்து உட்காரு.”

மகன் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அம்மா காதில் வாங்கவில்லை. புதுச் சேலையின் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். காரின் பானெட்டைத் தூக்கி, கரண்டை அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தாள். ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு வயரிங் செய்தே அவனை ஆளாக்கியவள் அவள்.

“பன்னிரண்டரை வோல்ட். பேட்டரி கல்லு மாதிரி இருக்கு.”

“இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“பார்க்கத்தானே கண்ணு இருக்கு. பார்க்கட்டும்.”

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். மீட்டர் ஒவ்வொன்றுக்கும் கீச்சென்றது. எதுவும் போகவில்லை.

“அப்பா இருந்திருந்தா இப்படிப் பண்ணுவியா?”

“அவர் இருந்திருந்தா எனக்கு இந்த வேலையே இல்லையே.”

“சொன்னா கேளும்மா. வண்டியே வேணாம்னு சொல்லுது.”

“வண்டி சொல்லலை. வேற யாரோ சொல்றாங்க.”

ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயைப் பிடுங்கினாள். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத கறுப்புப் பெட்டி. அதன் கால்களில் முனைகளை வைத்தாள். மீட்டர் மூச்சே விடவில்லை. திருப்பிப் பார்த்தவள், அடியில் தான் போட்டிருந்த பெருக்கல் குறியைக் கண்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

“இது என் டப்பாவுல கிடந்த செத்த ரிலே. தானா எழுந்து வந்து இங்க உட்கார்ந்துக்கிச்சா?”

மகன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

“நான்தான் மாத்தினேன். நீ போகக் கூடாது. நல்ல ரிலேயைக் கேட்காத, தரமாட்டேன்.”

“நீயே வெச்சுக்கோ.”

பக்கத்திலிருந்த ஹார்ன் ரிலேயைப் பிடுங்கினாள். இரண்டும் ஒரே ரகம். அதை ஸ்டார்ட்டர் ரிலேயின் இடத்தில் அழுத்திவிட்டு, உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது.

“இனி ஹார்ன் வேலை செய்யாதும்மா,” என்றான் மகன்.

“யாரையும் ஒதுங்கச் சொல்லி நான் கேட்கப் போறதில்லை.”

வீட்டுக்குள்ளிருந்து மருமகள் கைப்பையோடு வேகமாக வந்தாள். கணவனைத் தாண்டிப் போய் முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தினாள்.

“நீ எங்க கிளம்பிட்ட?”

“ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. மாப்பிள்ளை அங்க காத்துக்கிட்டிருக்கார். அத்தை கல்யாணத்துக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்து.”