ஒரே நாளில் வந்த நால்வர்

டங்கன் எழுந்தான், கோழிகளுக்குத் தீனி போட்டான், முகம் கழுவினான், டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தான். ஒன்பது மணிக்கு ஹோபார்ட் நகரத்திலிருந்து வீட்டுப் பராமரிப்புக் குழு வந்து இறங்கியது. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், உணவு நிபுணர், இவர்களை ஒருங்கிணைக்கும் ஹேசல். நாலு பேருக்கு நாலு கார்.

"எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டோம் பாத்தீங்களா? இதுக்கே மூணு மாசம் மெனக்கெட்டேன்," என்றாள் ஹேசல்.

டங்கன் சாண்ட்விச் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினான். நால்வரும் சாப்பிட்டுக்கொண்டே, அவன் மனைவி ரோவினாவுக்குப் பராமரிப்புத் திட்டம் போட்டார்கள்.

"தினமும் கொஞ்ச தூரம் நடக்கணும்," என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"எடை ஏறாம எப்படி நடப்பாங்க?" என்றார் உணவு நிபுணர்.

"முதல்ல அவங்களை நல்லா தூங்க விடுங்க," என்றாள் நர்ஸ்.

"அதுல குறையே இல்ல," என்றான் டங்கன்.

"முட்டை சாண்ட்விச் பிரமாதம். எதுக்கு இவ்வளவு செஞ்சீங்க?" என்றாள் ஹேசல்.

"நான் செய்யல. நேத்து அடக்கத்துக்கு வந்தவங்க கொண்டுவந்ததுல மிச்சம்."

"யாரோட அடக்கம்?"

"ரோவினாவோடது. உங்களுக்குத் தகவல் சொல்லிட்டதா ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

ஹேசல் கடித்ததைக் கீழே வைத்தாள்.

"பரவாயில்ல, சாப்பிடுங்க. அவ கடைசியா சொன்னதே அதுதான். 'அந்த நாலு பேரும் ஒருநாள் ஒண்ணா வருவாங்க டங்கன். வந்து சேர்ந்த களைப்புல பசியா இருப்பாங்க. ஏதாவது சாப்பிடக் குடு.'"