ஆறாவது வரி

"எங்க வகுப்புல ஒரு பிள்ளைக்கும் கண்ணுல கோளாறு இல்ல, மிஸ். மூணு வருஷமா சுகாதாரக் கேடயம் எங்களுக்குத்தான்," என்றார் சுகாதாரத்துக்குப் பொறுப்பான லீலாதேவி டீச்சர்.

தாதியர் கல்லூரியிலிருந்து பயிற்சிக்காக அக்குறணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்திருந்த கிருஷாந்தி, பார்வை அட்டையை மாட்டினாள். ஆங்கில E போல மூன்று கால் முளைத்த ஒரே குறிதான், வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். கால்கள் எந்தப் பக்கம் என்று இருபது அடி தள்ளி, கோட்டில் நின்று சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். ஆறாவது வரியில் மட்டும் எல்லோரும் ஒரே பிழை. இடப்பக்கம் திரும்பிய குறியை வலம் என்றார்கள்.

இருபத்தேழு பேருக்கும் ஒரே இடத்தில் கண் கெடுமா?

கிருஷாந்தி அட்டையைத் தலைகீழாக மாட்டினாள். "இப்ப சொல்லுங்க."

மற்றவர்கள் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிட்டார்கள். ஷஹ்மா என்ற சிறுமி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"நேத்து டீச்சர் வாசல்ல நின்டே ஒபிஸ் சுவர்ல உள்ள அட்டையப் பார்த்துச் சொல்லித் தந்தாங்க. நாங்க பாடமாக்கினோம். இது அது இல்லயே, மிஸ்," என்றாள் அவள்.

டீச்சரின் முகம் கறுத்தது.

"அது மக்கு, மிஸ். போர்ட்ல எழுதுறதையே பிழை பிழையாத்தான் எழுதும். எத்தனை அடி வாங்கியும் திருந்தல. அதான் கடைசி வாங்குல போட்டிருக்கேன்."

கிருஷாந்திக்கு நெஞ்சு எரிந்தது. அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இதே டீச்சர்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்களேன், டீச்சர். பிள்ளைகள் பழகட்டும்."

டீச்சர் சேலையைச் சரிசெய்துகொண்டு கோட்டில் போய் நின்றார். பெரிய குறிகளை மணிமணியாகச் சொன்னார். சின்னதுக்கு வந்ததும் கழுத்து நீண்டது. பிறகு கால் நீண்டது.

"கோட்டைத் தாண்டக் கூடாது, டீச்சர்."

"வெளிச்சம் போதாது, மிஸ்."

இருபத்தேழு பேரின் பிழையும் யாருடைய கண்ணிலிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. கண் கிளினிக்குக்கு இரண்டு துண்டுச்சீட்டு எழுதினாள் கிருஷாந்தி. ஒன்றை ஷஹ்மாவிடம் கொடுத்தாள், மற்றதை டீச்சரிடம் நீட்டினாள்.

ஷஹ்மா டீச்சரை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு கிருஷாந்தியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப டீச்சரும் மக்குதானா, மிஸ்?"