ஆறு நொடி

காலை வெயிலில் பல் அச்சு வார்க்கும் மாவின் தூள் மிதக்கிறது. மேசை மேல் யார் யாருடைய தாடை அச்சுகளோ வாயைப் பிளந்தபடி வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பல்செட் செய்பவரின் மனைவி கடையின் இணையதளத்துக்கு முதல் வரி தேடுகிறாள். தளத்துக்கு வருகிறவர்கள் இப்போதிருக்கும் வரியைப் பார்த்ததும் ஆறே நொடியில் ஓடிவிடுகிறார்கள். யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்குக் காட்டும் பக்கம் அப்படித்தான் சொல்கிறது.

"'உலகத் தரம் வாய்ந்த உன்னதப் பற்கள்'னு எழுதினது யாரு?"

"நான்தான். கம்பீரமா இருக்கட்டுமேன்னு."

"இதை வாய்விட்டுப் படிச்சா இருக்கிற பல்லும் ஆடிடும்."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ரோஸ் நிற மெழுகு ஒட்டிய இடது கை, கேட்காமலே எழுந்து வாயை மூடுகிறது. முன்பல் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவர் தன் வாய்க்கு மட்டும் 'அடுத்த வாரம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் அந்தக் கையையே பார்க்கிறாள். பிறகு எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி எதையோ தட்டித் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். ஒரே ஒரு வரி.

'சிரிப்பு வந்தால் உங்கள் கை வாய்க்குப் போகிறதா?'

ஆறு நொடி போகிறது. பத்து, பதினைந்தும் போகிறது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"அளவெடுக்கிற மாவை நீயே கலந்துடு" என்று எழுந்துபோனவர், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறார்.