சளி மாத்திரை வாங்கியவர்கள்

"மொட்டை எந்தக் கோயிலுக்குங்க சார்? சிறுவாச்சூரா?"

மருந்துக்கடை பிச்சைமுத்து பல்லெல்லாம் தெரியக் கேட்டார். டிரக் இன்ஸ்பெக்டர் கலைவாணன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, "சளி மாத்திரை நோட்ட எடுங்க" என்றார்.

அரியலூரில் காலையிலிருந்து இது அவருக்கு ஆறாவது கடை. முகத்தில் அலுப்பு அப்பிக் கிடந்தது. உள்ளே வருமுன் வாசலில் நின்று எதிர்ச்சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பிச்சைமுத்து நினைத்துக்கொண்டார்.

பிச்சைமுத்துவுக்கும் அலுப்புத்தான். முன்பெல்லாம் யார் கேட்டாலும் கிழித்துக் கொடுத்த மாத்திரை. அதைக் காய்ச்சிப் போதைச் சரக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒரே கெடுபிடி. டாக்டர் சீட்டு வேண்டும். வாங்கியவர் பேர், ஊர், தேதி எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

மாதம் நாலு பெட்டியை வெளியூர்க்காரன் ஒருவன் பைக்கில் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறான். எதற்கு என்று பிச்சைமுத்து கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். மாட்டினால் லைசென்ஸ் போவதோடு நிற்காது, கம்பி எண்ண வேண்டும்.

அதனால் தினமும் மத்தியானம் உட்கார்ந்து, கை வலிக்க வலிக்க நோட்டில் பேர் ஏற்றினார். எதிர்ச்சுவர் போஸ்டர்களில் போட்டோவோடு பேரும் ஊரும் இருந்தது வசதியாகப் போயிற்று. இவர்களில் ஒருத்தரும் வந்து 'நான் வாங்கலையே' என்று சொல்லப்போவதில்லை. அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது.

கலைவாணன் விரல் வைத்துப் படித்தார். "அமாவாசை, குன்னம்."

"நம்ம வாடிக்கைங்க சார். வெங்காயம் போடுறவரு."

"ஆண்டவர், உடையார்பாளையம்."

"அவருக்கு வருசம் பூரா சளிங்க."

கணக்கு இம்மி பிசகவில்லை. கலைவாணன் பெருமூச்சு விட்டார். "உங்க மேல புகார் வந்துருக்கு. ஆனா நோட்டு சுத்தமா இருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தப் பண்றது?"

பிச்சைமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த கலைவாணன், கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"புஷ்பவல்லி, தா.பழூர். நேத்துத் தேதி போட்டிருக்கு. யாரு வந்து வாங்குனது?"

"அந்தம்மாவே வந்துச்சுங்க."

"நேர்லயா?"

பொய் என்று சொல்லத் தொடங்கினால் அரைகுறையாக விடுவது பிச்சைமுத்துவுக்குப் பிடிக்காது. "நேர்லதாங்க சார். மூக்க உறிஞ்சிக்கிட்டு இதே எடத்துலதான் நின்னுச்சு. பாவமா இருந்துச்சு, சுடுதண்ணி குடிம்மான்னு சொல்லி அனுப்புனேன்."

"நடந்தா வந்தாங்க?"

"பின்ன? பஸ்ஸ விட்டு எறங்கி விறுவிறுன்னு வந்துச்சு. சளியத் தவிர ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார். இன்னும் இருவது வருசத்துக்குக் கல்லு மாரி இருக்கும்."

கலைவாணன் அந்த வரியை விரலால் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. வெக்கை தாங்கவில்லை போலிருக்கிறது என்று பிச்சைமுத்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

கலைவாணன் பேனாவை மூடினார். நோட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் வந்ததும் ஒண்ணு கேட்டீங்களே," என்றார் தளர்ந்த குரலில். "எங்கம்மா புஷ்பவல்லிக்குக் கொள்ளி வச்சு அடிச்ச மொட்டைங்க இது."