வருகை 41

கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்த ஏஐ கேமரா இரண்டே நொடியில் எல்லா முகங்களையும் படித்து, நாற்பத்திரண்டு பேரும் வந்தாயிற்று என்றது. இனி யாரும் பெயர் கூப்பிட வேண்டாமென்று சுற்றறிக்கையே வந்திருந்தது. பிலோமினா டீச்சர் அதை மேசைக்கால் ஆடாமலிருக்க மடித்துச் செருகிவிட்டு, பதிவேட்டை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் மோனிஷா. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ சொல்வதுபோல இருந்தது. டீச்சர் அவள் பெயருக்கு நேரே அழுத்தமாக ஆப்சென்ட் போட்டார். பலகை மூலையில் 'பதிவு 42, வருகை 41' என்று எழுதினார்.

ரவுண்ட்ஸ் வந்த ஹெட்மாஸ்டர் பலகையையும் கையிலிருந்த போனில் கேமரா காட்டிய கணக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோனிஷா எதிர்லயே உக்காந்திருக்கு. கவனம் தொண்ணூத்தெட்டு சதவீதம்னு வேற காட்டுது. உங்களுக்குக் கண்ணு தெரியலையா டீச்சர்?"

"தெரியுது சார். உடம்பு வந்து உக்காந்திருக்கு. புள்ள இன்னும் வரல."

"மேல கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? அந்த ஆப்சென்ட்டை அடிச்சுத் திருத்துங்க."

"அவ வந்ததும் நானே திருத்துறேன். அதுவரைக்கும் ஆப்சென்ட்தான். மேல கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

டீச்சர் பதிவேட்டோடு போய் மோனிஷாவின் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாணவர் இருக்கையில் வேறு ஆள் என்று ஹெட்மாஸ்டரின் போன் அலறியது. அலறட்டும் என்று விட்டுவிட்டு, டீச்சர் அந்தப் பெயரை மறுபடியும் மெதுவாகக் கூப்பிட்டார்.

மோனிஷாவின் உதடு அழுகையில் கோணியது.

டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.